முயல்களை மட்டும்தான் பார்த்தேன்

போன மாதம் உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தீர்கள். பேசி முடித்து, சமோசாவும் தின்று, கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல ஷாம்பூவை முயல் கண்ணுல விட்டுப் பார்ப்பாங்களாமே, நீங்களும் விட்டிருக்கீங்களா?" விட்டிருக்கிறேன் என்றேன். அடுத்த கேள்வி வருவதற்குள் வண்டி காத்திருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். வண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்று ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். வேலையில் இருந்த காலம் முழுக்க எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவள், இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குப் பயந்து ஓடினேன் என்பது எனக்கே கேவலமாக இருந்தது. அந்தப் பெண் கேட்காமல் விட்ட கேள்விக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, பெங்களூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நீங்கள் இன்று கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரகடம் அப்போது ஏரியும் வயலும்தான். அந்த வருடம் மே மாதத்தில் முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டுவெடிப்பால் எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. அதற்குப் பிறகு பல வாரம் எங்கள் வேனை வழியில் நிறுத்தி டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார்கள். அந்தக் கெடுபிடி தளர்ந்த சமயத்தில்தான் கம்பெனி ஒரு புதுச் சரக்கைக் கையில் எடுத்தது. குழந்தைகளுக்கான ஷாம்பூ. தீபாவளிக்குள் கடைக்குப் போயாக வேண்டும் என்று மேலிடத்தின் உத்தரவு. பாட்டிலில் ஒட்டுகிற லேபிள் முதலிலேயே அச்சாகி வந்துவிட்டது. அதில் கொட்டை எழுத்தில் "கண் எரியாது" என்று போட்டிருந்தது. எரியுமா எரியாதா என்று பார்க்க வேண்டிய வேலை அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், உங்கள் கம்பெனியிலும் லேபிள் எப்போது அச்சாகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் ஆய்வகத் தலைவரின் பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். கெட்ட மனிதர் இல்லை. நான் கற்றுக்கொண்ட தொழிலில் பாதிக்கு மேல் அவர் கொடுத்தது. எதற்கெடுத்தாலும் "நோட்டுல ஏறிச்சா?" என்பார். நோட்டில் ஏறினால்தான் ஒரு காரியம் நடந்ததாக அவருக்குக் கணக்கு. ஏறவில்லை என்றால், உங்கள் கண்ணெதிரே கூரை இடிந்து விழுந்திருந்தாலும் அது விழவில்லை. அந்தப் பிடிவாதம் என்னைப் பல தப்புகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆய்வகத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதில் முயல்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள கன்னியம்மா என்று ஒரு அட்டெண்டர். வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், என் வயதுதான் இருக்கும். பிள்ளை பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு காலை ஏழு மணி வேனுக்கு வந்துவிடுவாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்ததில் அவள் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நிழலில் நின்று செய்கிற வேலை என்று அவளே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். முயல்களுக்குக் கம்பெனி தருகிற தீனி போதாதென்று வீட்டிலிருந்து அகத்திக்கீரை கட்டிக்கொண்டு வருவாள்.

சோதனையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முயலைத் தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் வைப்போம். கண்ணைத் தேய்த்துக்கொள்ள முடியாது. ஒரு கண்ணில் சொட்டு விடுவோம், மற்றக் கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவிடுவோம். பிறகு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, மூன்று நாள் வரை சிவப்பு, வீக்கம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு எழுதுவோம். பெட்டியில் வைப்பதற்கு முன்னால் கன்னியம்மா ஒரு பழைய துணியை முயலின் காதுமேல் போட்டு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் சொட்டு விடுவேன். ஆமாம், நான்தான் விட்டேன். வேறு யாரோ விட்டதை நின்று பார்த்தேன் என்று எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

முதல் சோதனையில் ஆறு முயல்களுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. லேசான சிவப்பு, அதுவும் மறுநாளே போய்விட்டது. தலைவருக்குச் சந்தோஷம். நான் கையெழுத்துப் போட்டேன். முன்னோட்டமாக லைனில் பாட்டில் நிரப்ப ஆரம்பித்தார்கள். அந்த மெஷினில் குழாய் முனை சரியாக நிற்காது. பாட்டில் நகரும்போது ஷாம்பூ தெறிக்கும். லைனில் பன்னிரண்டு பெண்கள். அந்த வாரத்திலிருந்து அவர்களில் பாதிப் பேர் கண் சிவந்து நிற்பதைக் கண்டேன். சூப்பர்வைசர் "காலையில வெங்காயம் அரிஞ்சிட்டு வந்தீங்களா?" என்று கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். மெட்ராஸ் ஐ சுற்றிக்கொண்டிருந்த காலம், அதுதான் என்று நினைத்தேன். என் கையெழுத்து போட்ட அறிக்கை சரியென்று சொல்கிறபோது, எதிரே நிற்கிற கண்ணை நான் ஏன் நம்பப்போகிறேன்?

இரண்டாவது முறை உறுதி செய்வதற்கான சோதனை. சொட்டு விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால் பேனாவைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டிருக்கிறேன். திரும்பிப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கொட்டகையின் பின்வாசலில் லைன் பெண்கள் மூன்று பேர் தலையை அண்ணாந்துகொண்டு நின்றார்கள். கன்னியம்மாவின் கையில் ஒரு பாட்டில் மூடி, அதில் வெள்ளையாக ஏதோ. இங்க் ஃபில்லரால் அதை எடுத்து ஒவ்வொருத்தி கண்ணிலும் இரண்டு சொட்டு விட்டாள். பிறகு உள்ளே திரும்பி, பெட்டியில் இருந்த முயலின் கண்ணைத் திறந்து, அதிலும் இரண்டு சொட்டு விட்டாள்.

அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணில் எது விழுந்தாலும் எங்கள் பக்கத்தில் தாய்ப்பால்தான். சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் கண்ணிலும் பீச்சியிருக்கிறாள். அது வைத்தியமா இல்லையா என்ற பேச்சு இங்கே வேண்டாம். உங்கள் கண்ணில் ஏதாவது விழுந்தால் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கன்னியம்மாவுக்கு மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும், ரவிக்கை நனையும். பீச்சிக் கீழே ஊற்றத்தான் வேண்டும். அந்தப் பால்தான் இந்த மூடியில் இருந்தது.

லைன் பெண்கள் என்னைப் பார்த்ததும் கலைந்துவிட்டார்கள். கன்னியம்மா அசையவே இல்லை. தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"இன்னா மேடம், பேனாவா? அந்தத் தட்டு மேல கீது, எடுத்துக்கோங்க."

இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன்.

"மொதல்லேர்ந்துதான். நமக்கு எரிஞ்சா ஓடிப்போயி தண்ணி அடிச்சிப்போம். இதுங்கள கட்டி வெச்சிக்கினு வுட்டா, இதுங்க எங்க போவும்? எனக்கு வீணா போறதுதானே."

அவள் பால் விட்டதும் ஷாம்பூ கழுவிக்கொண்டு போயிருக்கிறது. முதல் அறிக்கை முழுக்கப் பொய், அதன் கீழே என் கையெழுத்து. முயலின் மேல் இரக்கப்பட்டேன், லைன் பெண்களின் மேல் இரக்கப்பட்டேன் என்றெல்லாம் இப்போது அழகாக எழுதலாம். அந்த நிமிடத்தில் நான் நினைத்தது என் வேலையை மட்டும்தான்.

நேரே தலைவரிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்வாசலில் நின்ற மூன்று பேரையும், லைனில் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருப்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கன்னியம்மா சோதனைய கெடுத்தது வரைக்கும் எழுதும்மா. லைன் பொண்ணுங்கள இதுல இழுக்காதே. வேலைய விட்டுட்டு அனிமல் ஹவுஸுக்குப் போனதா ஆகும், அதுங்களுக்கும் வேலை போயிடும். நமக்கு முயல்தான் ஆதாரம். அவங்க கண்ணு எதனால செவந்துதோ, யாருக்குத் தெரியும்?"

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்களின் கண் நோட்டில் ஏறினால் அன்றைக்கே லைனை நிறுத்த வேண்டும், தீபாவளி போய்விடும், ஏன் ஒரு வாரமாகக் கண்டும் காணாமல் இருந்தீர்கள் என்று கேள்வி வரும். கன்னியம்மா மட்டும் ஏறினால் மறு சோதனை போதும். எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை விசாரணை. அதற்கு முன்னால் குழாயடியில் தேசம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். லைனில் மூத்தவள், எதற்கும் அஞ்சாதவள். ஒரு கண் இன்னமும் கலங்கியிருந்தது. "மேடம், கன்னியம்மாவ கூப்ட்டுகீறாங்களாமே. நாங்களும் வந்து எரியுதுன்னு சொல்றோம். நாலு பேரு வர்றோம்" என்றாள். வேண்டாம், உங்களுக்கும் வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். அவள் தயங்கி நின்றாள். போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் திரும்பிப் போனாள்.

மேனேஜர் அறையில் நாங்கள் நான்கு பேர். மேனேஜரும் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள், நானும் கன்னியம்மாவும் நின்றோம். மேனேஜர் என் அறிக்கையைப் படித்துக் காட்டிவிட்டு, இது உண்மையா என்று அவளைக் கேட்டார். உண்மைதான் என்றாள். ஏன் செய்தாய் என்று கேட்டார்.

"எரியுது சார். முயலுக்கும் எரியுது, லைன்ல கீற பொம்பளைங்களுக்கும் எரியுது. அதான் வுட்டேன். மேடமே அவங்கள பாத்தாங்க, கேட்டுப் பாருங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முழுதாக ஒரு நிமிடம் அவகாசம் இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும்.

"நான் முயல்களை மட்டும்தான் பார்த்தேன் சார்" என்றேன்.

கன்னியம்மா என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நான் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறேன் என்பதுபோல ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேனேஜர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மதியத்துக்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். போகிறபோது கொண்டுவந்திருந்த அகத்திக்கீரையைக் கூண்டுகளில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

மறு சோதனைக்குப் புதிதாக ஆறு முயல்கள் வந்தன. பிடித்துக்கொள்ள ஸ்டோர்ஸிலிருந்து ஒரு ஆளை அனுப்பினார்கள். அவனுக்குத் துணி போடவும் தெரியாது, அணைக்கவும் தெரியாது. பிடரியைப் பிடித்தான். நான் சொட்டு விட்டேன். முயல் கத்தியது. முயலுக்குக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கைக்குழந்தை வீறிடுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியும் ஆறுக்கும் விட்டு முடித்தேன். மூன்றாம் நாள் நான்கு முயல்களின் கண் பாலாடை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. நோட்டில் ஏற்றினேன். அதன் பிறகு ஆறையும் முடித்துவிட வேண்டும் என்பது வழக்கம், அதற்கும் கையெழுத்து என்னுடையதுதான்.

லைன் நின்றது. சேர்மானத்தை மாற்றினார்கள். தீபாவளி போய்ப் பொங்கலுக்குத்தான் சரக்கு கடைக்கு வந்தது. "பாத்தியாம்மா, முயல் பொய் சொல்லாது" என்று தலைவர் என் தோளைத் தட்டினார். அந்த மாதமே எனக்கு வேலை நிரந்தரமானது. லைன் பெண்களும் பொய் சொல்லவில்லையே சார் என்று கேட்க வாய் வரவில்லை. முயல் மூன்று நாள் கட்டுண்டு கிடந்து சொன்னதைத்தான் அவர்கள் ஒரு வாரமாக முகத்திலேயே எழுதிக்கொண்டு நின்றார்கள். கேட்க ஆள் இல்லாததால் ஆறு உயிர்களைக் கொன்று தெரிந்துகொண்டோம். தேசம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. எதிரே வந்தால் வழி விட்டு ஒதுங்கி நிற்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிற்காலத்தில் கொஞ்சம் அதிகாரம் கையில் வந்தபோது, லைனுக்குப் பக்கத்தில் கைகழுவுகிற குழாயடியில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். எது எரிந்தது, எங்கே அரித்தது, எந்த பேட்ச் என்று வேலை செய்கிறவர்களே எழுத வேண்டும். பெயர் வேண்டாம். மெஷினில் எது தெறிக்கிறதோ அதை முதலில் நிறுத்து, சேர்மானத்தில் எது எரிக்கிறதோ அதை முதலில் மாற்று, முயலிடம் போகாதே என்று மீட்டிங்குக்கு மீட்டிங் கத்தினேன். "மேடத்துக்கு முயல் மேல பாசம்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். எங்கள் கொட்டகை காலியானது அதற்கு வெகுநாள் கழித்து. இன்றைக்குச் சட்டமே தடுத்துவிட்டது. அதற்காக வருடக்கணக்கில் தெருவில் நின்று போராடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். எங்கள் கம்பெனியில் அதை முதலில் எதிர்த்தவள் கன்னியம்மா. அவளுக்குத் தெரிந்த வழியில் எதிர்த்தாள். அந்த வழியில் ஒரு தப்பும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். நான் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் என்னிடம் வந்து எரிகிறது என்று சொல்லியிருப்பாள். கையில் ஷாம்பூச் சொட்டுக் குப்பியோடு நின்றவளிடம் அவள் என்னவென்று சொல்வாள்?

உங்களுக்கு இப்போது முயல் இல்லை. கண்ணாடித் தட்டில் செல் வளர்க்கிறீர்கள், கணினியில் கணக்குப் போடுகிறீர்கள். நல்லது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிற ஒரு நாளில், லைனில் ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு எழுந்து போய் அவளிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். அவளைக் காப்பாற்றத்தான் எழுதாமல் விட்டேன் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரகடத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் வந்த பிறகு, ஒரு நாள் மாலை அங்கே கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். யூனிஃபார்ம் புடவையில் ஒரு பெண் வந்து, "மேடம், நல்லா கீறீங்களா?" என்றாள். தலை நரைத்திருந்தாலும் குரலிலேயே தெரிந்துவிட்டது. பல வருடம் வயல் வேலைக்கே போயிருக்கிறாள், இப்போது ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் இருக்கிறாள். அந்தக் கைக்குழந்தை பிளஸ் ஒன் படிக்கிறாளாம். எல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னாள். பிறகு அவளே கேட்டாள், ஊர் விஷயம் விசாரிக்கிற மாதிரி.

"அந்த ஷாம்பூ இன்னா ஆச்சு மேடம்? வெளிய வுட்டீங்களா?"

இல்லை கன்னியம்மா, எரிகிறது என்று தெரிந்தது, மாற்றித்தான் வெளியே விட்டோம் என்றேன்.

"அப்ப நான் சொன்னது சரிதான்?"

"சரிதான்."

"அத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் வல்லக்கோட்டை வழியாகப் போகிற பஸ் வந்துவிட்டது. நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தேன். அவள் ஏறி, படியில் நின்றபடியே திரும்பி, "ஏறுங்க மேடம், எடம் கீது" என்று கையை நீட்டினாள். எனக்கு வேறு வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டேன்.